இங்கிலீஷ்ல மூக்கும் ஓடும், கம்பெனியும் ஓடும்: ‘ரன்’ பத்தி கொஞ்சம்

எங்க அக்கா பையன் போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தான், முதல் வேலை, சென்னைல ஒரு ஆபீஸ். சேர்ந்து ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது, ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போன் பண்றான், குரலே இறங்கிப்போய்க் கிடக்கு. “மாமா, மேனேஜர் ஒரு மெசேஜ் போட்டிருக்கார், படிக்கிறேன் கேளுங்க. ‘ப்ளீஸ் ரன் இட் பை மீ பிஃபோர் யூ சென்ட் இட்’. இதுல யாரு ஓடணும், எங்க ஓடணும்?”

“டேய், அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவை காட்டிடுப்பாங்கிறார், அவ்ளோதான்”னு சொன்னேன். உடனே “இதுல காட்டுறதுன்னு எங்க மாமா இருக்கு?”ன்னு கேட்டான் பாருங்க, அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஏன்னா ப்ளஸ் டூல இங்கிலீஷ்ல நல்ல மார்க் வாங்கினவன் அவன், ‘ரன்’ங்கிற வார்த்தை எல்கேஜில இருந்தே தெரியும், மூணே எழுத்து, படம் போட்ட புக்ல ஒரு பையன் டவுசர் போட்டுக்கிட்டு ஓடுவான், கீழ ‘ரன்’னு எழுதியிருக்கும். அந்தப் பையனைத்தான் நாம எல்லாருமே வாழ்க்கை முழுக்க மனசுல வச்சிருக்கோம், அதனாலதான் மாட்டிக்கிறோம்.

அன்னிக்கு அவனுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாம விட்டதையும் சேர்த்து எழுதுறேன். இங்கிலீஷ் கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்காக எழுதுறது, இலக்கணப் பரீட்சைக்கு இல்ல.

முதல்ல ஒரு நம்பர் சொல்லிடுறேன், ஆனா பயப்படக்கூடாது. ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்ஷனரின்னு ஒண்ணு இருக்கு, நம்ம வீட்ல இருக்கிற குட்டி டிக்ஷனரி இல்ல, அந்த மொழில எழுதின ஒவ்வொரு வார்த்தையும் எந்த வருஷம் எந்த அர்த்தத்துல வந்துச்சுன்னு ஆதாரத்தோட சொல்ற பெரிய அகராதி. அதை இப்போ புதுசா திருத்தி எழுதிட்டு வர்றாங்க. அதுல ‘ரன்’ங்கிற வினைச்சொல்லைத் திருத்தினவர் பேரு பீட்டர் கில்லிவர், இந்த ஒத்த வார்த்தைக்கு மட்டும் அவருக்கு ஒன்பது மாசம் ஆச்சு. 2011ல அது வெளிய வந்தப்போ எண்ணிப் பார்த்தா 645 அர்த்தம். அதுவும் வினைச்சொல்லா வர்றது மட்டும்தான், ‘எ ரன்’னு பெயர்ச்சொல்லா வர்றது தனிக் கணக்கு.

அதுக்கு முன்னாடி ரொம்ப காலமா ‘செட்’ங்கிற வார்த்தைதான் இந்தப் போட்டில முதல் இடம். 1989ல வந்த ரெண்டாம் பதிப்புல ‘செட்’டுக்கு 430 அர்த்தம், அந்த ஒரு வார்த்தைக்கான விளக்கமே கிட்டத்தட்ட 60,000 வார்த்தை, ஒரு நாவல் போட்டுடலாம் அதுல. மெஷின், ரயில், கம்ப்யூட்டர்னு வந்ததுக்கு அப்புறம் ‘ரன்’ பெருத்துப்போச்சு. ‘செட்’ ஒரு இடத்துல வச்சுட்டு உக்காந்துக்கிற வார்த்தை, ‘ரன்’ ஓடிக்கிட்டே இருக்கிற வார்த்தை, நம்ம காலத்துக்கு எது ஒத்துவரும்னு பாருங்க.

ஆனா 645ன்னா 645 தனித்தனி விஷயம் மனப்பாடம் பண்ணணும்னு அர்த்தம் இல்ல. அகராதிக்காரங்க ரொம்ப நுணுக்கமா பிரிப்பாங்க, ஆறு ஓடினா ஒரு அர்த்தம், கண்ணீர் ஓடினா அதுக்குள்ள ஒரு உள்பிரிவுன்னு போவாங்க, அது அவங்க தொழில். நமக்கு அதுக்கெல்லாம் அடியில இருக்கிற நாலஞ்சு படம் பிடிபட்டா போதும். என் கணக்குப்படி ஒரு ஆள் சாதாரணமா வேலை பார்க்க அதுவே தாராளம்.

இதுல நமக்கு ஒரு சௌகரியம் இருக்கு, அதை யாரும் ஸ்கூல்ல சொல்லித் தர மாட்டாங்க. நம்ம ‘ஓடு’ங்கிற வார்த்தையும் இதே கேஸ்தான். யோசிச்சுப் பாருங்க, பையன் ஓடுறான், ஆறு ஓடுது, பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, ஆட்டோல மீட்டர் ஓடுது, டிவில படம் ஓடுது, அந்தப் படம் தியேட்டர்ல நல்லா ஓடுச்சு (இது வேற ஓட்டம், கவனிச்சீங்களா), வருஷம் ஓடிப்போச்சு, ஏதோ பொழப்பு ஓடுது, அந்த விஷயம் மண்டைல ஓடிக்கிட்டே இருக்கு, அவ அவனோட ஓடிப்போயிட்டா, கையும் ஓடல காலும் ஓடல, எனக்கு ஒண்ணுமே ஓடல. இதுல எதுக்காவது நீங்க டிக்ஷனரி பார்த்தீங்களா? ‘பொழப்பு ஓடுது’ன்னா பொழப்புக்குக் கால் முளைச்சுதான்னு எந்தக் குழந்தையும் கேக்கிறதில்ல. மேல சொன்ன லிஸ்ட்ல பாதிக்கு மேல அப்படியே இங்கிலீஷ்ல ‘ரன்’தான்: ஆறு, பஸ், ஃபேன், மீட்டர், படம், ஓடிப்போறது எல்லாமே. ஆக நாம பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டிட்டோம், நமக்குத்தான் தெரியல.

சரி, அந்தப் படங்களுக்கு வரேன்.

முதல் படம் கால் இல்ல, தண்ணி. பழைய இங்கிலீஷ்ல, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, இந்த வார்த்தையோட மூதாதை ‘ரின்னன்’. அதுக்கு ஆள் ஓடுறதும் அர்த்தம், தண்ணி பாயறதும் அர்த்தம். இங்கிலீஷுக்குச் சொந்தக்கார மொழியான ஜெர்மன்ல இன்னிக்கும் இது ரெண்டா பிரிஞ்சு இருக்கு, ‘ரின்னன்’னா ஒழுகுறது வழியறது, ‘ரென்னன்’னா காலால ஓடுறது. இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணா கலந்து ‘ரன்’னு ஆயிடுச்சு. இது தெரிஞ்சா ஒரு கூட்டமே புரிஞ்சுடும். மூக்கு ‘ரன்’ ஆகுதுன்னா மூக்கு ஒழுகுது. துணி துவைக்கும்போது கலர் ‘ரன்’ ஆகுதுன்னா சாயம் போகுது. பெயிண்ட் ‘ரன்’ ஆச்சுன்னா சுவத்துல வழிஞ்சு கோடு விழுந்துடுச்சு. குழாயை ‘ரன்’ பண்ணுன்னா திறந்து விடு. ‘ரன்னிங் வாட்டர்’னா வீட்டுக்குள்ள குழாய்ல வர்ற தண்ணி. குளிக்க ‘ரன் எ பாத்’னா தொட்டில தண்ணி பிடிச்சு வைக்கிறது. வெள்ளைக்காரங்க ஜோக் ஒண்ணு உண்டு, மனுஷனைத் தலைகீழா படைச்சுட்டாங்க, மூக்கு ஓடுது, கால் வாசனை பிடிக்குதுன்னு. ‘ஸ்மெல்’லுக்கு மோந்து பாக்கிறதும் அர்த்தம், நாறுறதும் அர்த்தம், அதான் ஜோக்.

தண்ணி ஓடினா ஒரு கட்டத்துல தீர்ந்துபோகும் இல்லையா, அங்க இருந்துதான் ‘ரன் அவுட் ஆஃப்’. வீட்ல பால் தீர்ந்துபோச்சுன்னா ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. ‘ரன் ட்ரை’ன்னா வத்திப்போச்சு. ‘ரன் லோ’ன்னா குறைஞ்சுக்கிட்டே வருது, போன்ல சார்ஜ் பத்து பர்சன்ட் காட்டும்போது சொல்றது. ‘ரன் ஷார்ட்’னா பத்தாம போகுது. இதுல ‘ரன்’னுக்கு ஓட்டமே கிடையாது, ‘ஆகுது’ங்கிறதுதான் அர்த்தம். ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’னு ஒருத்தர் மெசேஜ் போட்டா அவர் மூச்சு வாங்க ஓடி வர்றார்னு நினைச்சுடாதீங்க, லேட் ஆகுதுங்கிறார், கால் மேல கால் போட்டுக் காபி குடிச்சுக்கிட்டேகூட அதை அனுப்பலாம். (அனுப்புறாங்க.)

ரெண்டாவது படம் நீட்டம். ஆறு ஓடுறப்போ ஒரு கோடு மாதிரி நீண்டு போகுதே, அதே மாதிரி அசையாத சாமான்கூட இங்கிலீஷ்ல ‘ரன்’ ஆகும். ரோடு ஆத்தோரமா ‘ரன்’ ஆகும், நாம ‘ரோடு போகுது’ன்னு சொல்லுவோம், அதுவும் பொய்தான், ரோடு எங்கயும் போகல. காம்பவுண்ட் சுவர் ‘ரன்’ ஆகும், ஒயர் சுவத்துக்குள்ள ‘ரன்’ ஆகும். வீடு கட்டினவங்களுக்கு இது நல்லாவே தெரியும், ஆனா அவங்களுக்கே தெரியாது தெரியும்னு. கார்பெண்டர் கிச்சனுக்கு ரேட் சொல்றப்போ “ரன்னிங் ஃபீட் இவ்ளோ சார்”ங்கிறாரே, அந்த ‘ரன்னிங்’ இதுதான். ஸ்கொயர் ஃபீட்னா நீளம் பெருக்கல் அகலம், ரன்னிங் ஃபீட்னா மேடை எவ்ளோ தூரம் நீண்டு போகுதோ அந்த நீளம் மட்டும். இது தெரியாம ரெண்டு பேரோட கொட்டேஷனை ஒண்ணா வச்சு, ஒருத்தர் ரொம்ப சீப்னு நினைச்சு அட்வான்ஸ் கொடுத்தவன் நான், அப்புறம் பில்லு வந்தப்போதான் இலக்கணம் புரிஞ்சுது.

நீட்டம் இடத்துல மட்டும் இல்ல, காலத்துலயும் உண்டு. அக்ரிமெண்ட் மூணு வருஷம் ‘ரன்’ ஆகும். லண்டன்ல 1952ல ஆரம்பிச்ச ஒரு துப்பறியும் நாடகம், கொரோனாவுக்காக நிறுத்தி வச்ச காலத்தைத் தவிர, இன்னிக்கு வரைக்கும் ‘ரன்’ ஆகிட்டு இருக்கு. ‘த்ரீ டேஸ் ரன்னிங்’னா மூணு நாள் தொடர்ந்து. ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ன்னா பரம்பரையா வர்றது, சுகரைப் பத்தி டாக்டர் கேக்கிறப்போ இந்த வரி கட்டாயம் வரும். ‘இன் த லாங் ரன்’னா போகப் போக.

மூணாவது படம்தான் வேலை செய்யறது. ரயில், மெஷின், இன்ஜின், கடிகாரம், கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எல்லாம் ‘ரன்’ ஆகும். இதுல நமக்குச் சிரமமே இல்ல, ஏன்னா தமிழ்லயும் ஓடும். ஐடில இருக்கிற தம்பி தங்கச்சிங்க “கோடை ரன் பண்ணு”ன்னுதான் தூக்கத்துலயும் சொல்றாங்க. ரயில்வேல லோகோ பைலட்டும் கார்டும் அடுத்த டியூட்டிக்கு முன்னாடி தங்கித் தூங்கற இடத்துக்குப் பேரு ‘ரன்னிங் ரூம்’, அங்க யாரும் ஓட மாட்டாங்க, குறட்டைதான் விடுவாங்க, ஆனா வண்டியோட ஓடுறவங்க தங்கற ரூம்ங்கிறதால அந்தப் பேரு.

இதோட ஒட்டினதுதான் நாலாவது, ஓட வைக்கிறது. இங்க ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க. தமிழ்ல தானா ஓடினா ‘ஓடு’, ஓட வச்சா ‘ஓட்டு’. பஸ் ஓடுது, டிரைவர் ஓட்டுறார். ஒரு ‘ட்’ சேர்ந்ததுமே வேலை செய்யறவர் யாருன்னு தெரிஞ்சுடுது. பழைய இங்கிலீஷ்லயும் இப்படி ரெண்டு தனி வார்த்தை இருந்துச்சு, ஓடுறதுக்கு ஒண்ணு, ஓட வைக்கிறதுக்கு ஒண்ணு. நாளாவட்டத்துல ரெண்டும் ஒரே ‘ரன்’னுக்குள்ள கலந்துபோச்சு. அதனால ‘த மெஷின் ரன்ஸ்’னாலும் ரன்தான், ‘ஷீ ரன்ஸ் த மெஷின்’னாலும் ரன்தான். பின்னாடி ஒரு பொருள் வந்து ஒட்டியிருக்கான்னு பாருங்க, ஒட்டியிருந்தா பெரும்பாலும் ‘ஓட்டு’, இல்லேன்னா ‘ஓடு’.

கம்பெனி, ஸ்கூல், ஹோட்டல் எல்லாம் ‘ரன்’ பண்றது இந்த வகைதான். நாம அதுக்கு ‘நடத்துறார்’ங்கிறோம், நடக்க வைக்கிறார்னு அர்த்தம். அவங்க ஓட வைக்கிறாங்க, நாம நடக்க வைக்கிறோம், மாச முடிவுல ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. டெஸ்ட் ‘ரன்’ பண்றது, விளம்பரம் ‘ரன்’ பண்றது, கேம்ப் ‘ரன்’ பண்றது எல்லாம் இந்தக் கூட்டம். கண்ணை ஓட்டுறதுகூட ரெண்டு மொழிலயும் ஒண்ணுதான், ‘ரன் யுவர் ஐஸ் ஓவர் இட்’னா ஒரு கண்ணு ஓட்டிப் பாரு.

தேர்தலுக்கு வந்தா இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுல ஒருத்தர் ஜனாதிபதி பதவிக்குப் போட்டி போட்டா ‘ரன் ஃபார் ப்ரெசிடென்ட்’, ஓடுவார். பிரிட்டன்ல அதே வேலைக்கு ‘ஸ்டாண்ட் ஃபார் எலெக்ஷன்’, நிப்பார். நாமளும் “தேர்தல்ல நிக்கிறார்”னுதான் சொல்றோம். ஒரே மொழி, கடலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறாங்க, அந்தப் பக்கம் ஓடுறாங்க.

இப்போ எல்லாரும் மாட்டற இடம்: பின்னாடி வந்து ஒட்டிக்கிற குட்டி வார்த்தைங்க. இதுக்கு இலக்கணத்துல ஃப்ரேசல் வெர்ப்னு பேரு, பேரை மறந்துடுங்க, ஆனா விஷயத்தை மறக்காதீங்க. ‘ரன்’னும் ஒரு குட்டி வார்த்தையும் சேர்ந்தா அது புது வார்த்தைன்னே வச்சுக்குங்க, ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு அர்த்தம் தேடினா எங்க அக்கா பையன் மாதிரி ஓடணுமா நிக்கணுமான்னு போன் பண்ண வேண்டியதுதான்.

‘ரன் இன்டு’ன்னா எதிர்பாராம ஒருத்தரைப் பாக்கிறது. “நேத்து கோயம்பேட்ல உன் ஃப்ரெண்டை ரன் இன்டு ஆனேன்”னா நேத்து தற்செயலா பார்த்தேன். இதே ‘ரன் இன்டு’ கார், மரம்னு வந்தா மோதிடுச்சு. ஆளா மரமாங்கிறதை வச்சுதான் சந்தோஷமா துக்கமான்னு முடிவு. ‘ரன் ஓவர்’ வண்டியோட வந்தா ஏத்திட்டான், ரொம்ப மோசம், மீட்டிங்கோட வந்தா சொன்ன நேரத்தைத் தாண்டிப் போச்சு, அதுவும் மோசம்தான் ஆனா ஆஸ்பத்திரி தேவையில்ல. ‘ரன் த்ரூ’ன்னா ஒரு தடவை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்துடறது, நாடகக்காரங்க ஒத்திகை மாதிரி. ‘ரன் அப் எ பில்’னா கணக்கு வச்சுக் கடனை ஏத்திட்டான். ‘ரன் டவுன்’ ஆளுன்னா சோர்ந்து ஓய்ஞ்சுபோயிருக்கார், வீடுன்னா பராமரிப்பே இல்லாம பாழாக் கிடக்குது, ஒருத்தரை ‘ரன் டவுன்’ பண்றான்னா மட்டம் தட்டிப் பேசறான்.

நம்ம மேனேஜரோட ‘ரன் பை’யும் இதுல ஒண்ணு. ஒரு விஷயத்தை என் கண்ணு முன்னாடி ஒரு தடவை ஓட விடு, நான் பார்த்து ஏதாவது சொல்லணும்னா சொல்றேன். இப்படி விளக்கினப்போதான் பையன் “அட, அப்போ இது அந்தக் கண்ணை ஓட்டுற மாதிரியே இருக்கே”ன்னான். கிட்டத்தட்ட அதேதான்.

கிரிக்கெட் இல்லாம ‘ரன்’னைப் பத்தி எழுதினா நம்ம ஊர்ல யாரும் மன்னிக்க மாட்டாங்க. அங்க ரன்னுன்னா ஒரு ஓட்டம், அதாவது ஒரு பக்கத்து பாப்பிங் க்ரீஸ்ல இருந்து எதிர்ப்பக்க க்ரீஸ் வரைக்கும் 58 அடி (ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி, ரெண்டு பக்கமும் நாலு நாலு அடி கழிச்சுக்கணும்). ஆரம்பத்துல அது உண்மையான ஓட்டம், அப்புறம் கணக்கு வைக்கிற அலகாவே மாறிப்போச்சு. ஃபோர் அடிச்சா ஒருத்தரும் ஓட வேண்டாம், பேட்டை ஊனிக்கிட்டு நின்னாலே நாலு ரன். வைடு போட்டாலும் ரன். ஓடாமலே கிடைக்கிற ஓட்டம்! ஒரு வார்த்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வேற அர்த்தத்துக்குப் போகுதுன்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன். முதல்ல செயல், அப்புறம் அந்தச் செயலோட பலன், கடைசில செயலே இல்லாம பலன் மட்டும்.

இன்னொண்ணு, ‘ரன் அவுட்’ கிரிக்கெட்ல ஒண்ணு, ‘ரன் அவுட் ஆஃப்’ பால் தீர்ந்துபோறது ஒண்ணு. அந்த ‘ஆஃப்’தான் வேலி.

பெயர்ச்சொல்லா வர்றதுல ஒரு ரெண்டு மூணு மட்டும் சொல்றேன், மீதி தானா வரும். ‘ட்ரை ரன்’னா நிஜமா செய்யறதுக்கு முன்னாடி சும்மா செஞ்சு பாக்கிறது. ‘ப்ரின்ட் ரன்’னா புத்தகம் ஒரே மூச்சுல எத்தனை பிரதி அடிக்கிறாங்கங்கிறது. ‘சிக்கன் ரன்’னா கோழிக்கறி ஐட்டம் இல்ல, கோழி மேயறதுக்கு வலை அடிச்சு விட்ட இடம். அப்புறம் ‘த ரன்ஸ்’. இதை மட்டும் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்குங்க. பல வருஷத்துக்கு முன்னாடி என்கூட வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்து, முகமெல்லாம் வெளுத்து, ‘ஐ ஹேட் த ரன்ஸ்’னார். நான் ரொம்ப ஆர்வமா “எத்தனை?”ன்னு கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. வயித்துப்போக்கைத்தான் அவங்க அப்படிச் சொல்லுவாங்க, சாதா ‘ரன்’ கூட ‘த’வும் ‘ஸ்’ஸும் சேர்ந்தா கதை கந்தல்.

பேப்பர்ல பிசினஸ் பக்கம் படிக்கிறவங்களுக்கு ‘பேங்க் ரன்’ தெரிஞ்சாகணும். பேங்க் ஓடிப்போறதுன்னு நினைக்கத் தோணும், அது வேற, அதுவும் நடக்கும். இது என்னன்னா, பேங்க்ல நம்ம பணம் போச்சுன்னு ஒரு பயம் கிளம்பி எல்லாரும் ஒரே நேரத்துல பணத்தை எடுக்க ஓடுறது. எந்த பேங்க்கும் வாங்கின டெபாசிட் அத்தனையையும் பெட்டில வச்சிருக்காது, கடன் கொடுத்திருக்கும், பத்திரத்துல போட்டிருக்கும், அதனால எல்லாரும் ஒண்ணா வந்தா நல்லா இருக்கிற பேங்க்கும் சாஞ்சுடும். 2007 செப்டம்பர்ல இங்கிலாந்துல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல ஜனங்க நிஜமாவே வரிசைல நின்னாங்க. 2023 மார்ச் 9ஆம் தேதி அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க்ல ஒரே நாள்ல 4,200 கோடி டாலரை எடுக்கப் பார்த்தாங்க, மறுநாளே அரசாங்கம் பேங்க்கை மூடிடுச்சு. இந்தத் தடவை யாரும் தெருவுல ஓடல, பெரும்பாலும் உக்காந்த இடத்துல இருந்தே போன்லயும் கம்ப்யூட்டர்லயும்தான், ஆனா பேரு மட்டும் இன்னும் ‘ரன்’.

சரி, இத்தனைல எது எந்த அர்த்தம்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? இதுக்கு நம்ம தொல்காப்பியமே வழி சொல்லியிருக்கு, கதை விடலைங்க, சொல்லதிகாரத்துல இருக்கு. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தா அதுல ரெண்டு வகைங்குது: பக்கத்துல வர்ற வினையை வச்சுப் பொருள் பிரிஞ்சுடற சொல் ஒண்ணு, வினையை வச்சும் பிரியாத சொல் இன்னொண்ணு. ‘மா’ன்னா மாமரமும்தான், குதிரையும்தான். மா பூத்ததுன்னா மரம், குதிரை பூக்காது. மா ஓடிற்றுன்னா குதிரை. ஆனா மா வீழ்ந்ததுன்னா? ரெண்டும் விழும். அங்க சொல்றவங்கதான் இன்னது விழுந்ததுன்னு தெளிவாச் சொல்லணும்.

‘ரன்’னுக்கும் இதே ஃபார்முலா, கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கணும், இங்க வினைதான் புதிர், அக்கம்பக்கத்துல இருக்கிற பெயர்தான் விடை. ஓடுறது யாரு அல்லது எது? மூக்கா, மெஷினா, ரோடா, மேனேஜரா? பின்னாடி என்ன வருது? பொருளா, குட்டி வார்த்தையா, ‘லேட்’ ‘லோ’ மாதிரி ஒரு நிலைமையா? இந்த ரெண்டு கேள்விலயே நூத்துக்குத் தொண்ணூறு தீர்ந்துடும் (இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சி இல்ல). மா வீழ்ந்தது கேஸும் உண்டு. ‘ஷீ ரன்ஸ் மாரத்தான்ஸ்’னு யாராவது சொன்னா அவங்க மாரத்தான் ஓடுறவங்களா, நடத்துறவங்களா? அந்த வரிக்குள்ள பதில் கிடையாது, மேல கீழ படிக்கணும், இல்லேன்னா அவங்க காலைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்.

ஜே. ஆர். ஃபர்த்னு ஒரு இங்கிலீஷ் மொழியியல்காரர், 1957ல அவர் எழுதினதும் இதேதான், ஒரு வார்த்தை யாரோட சேருதுன்னு பார்த்தா அது யாருன்னு தெரியும்னு. லண்டன்ல பேராசிரியரா இருந்தவர், அதுக்கு முன்னாடி பல வருஷம் லாகூர்ல பஞ்சாப் யுனிவர்சிட்டில இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார், வேத்துமொழிக்காரப் பசங்க எங்க தடுமாறுறாங்கன்னு கிட்ட இருந்தே பார்த்திருப்பார். இன்னிக்குப் போன்ல மொழிபெயர்ப்பு ஆப் வேலை செய்யறதும் அடிப்படையில இந்த யோசனைலதான், சுத்தி இருக்கிற வார்த்தைங்களை வச்சு இந்த ‘ரன்’ எந்த ‘ரன்’னு கணிக்குது. அதனாலதான் ஒத்தையா ‘ரன்’னு மட்டும் டைப் பண்ணினா ‘ஓடு’ன்னு சொல்லிட்டு சும்மா இருந்துடும், முழு வரியா கொடுத்தா ஓரளவு சரியா வரும். நீங்களும் புது வார்த்தையை நோட்ல எழுதி வைக்கிற பழக்கம் இருந்தா வார்த்தையும் அர்த்தமும்னு எழுதாதீங்க, முழு வரியா எழுதுங்க, ‘த டேப் இஸ் ரன்னிங்’, ‘ஐ ரேன் இன்டு ஹிம்’னு. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கிறப்போ வரிதான் ஞாபகம் வரும்.

ஒரு சந்தேகம் வரலாம், தமிழ்ல ‘ஓடு’ன்னா கூரை மேல போடறதும் ஓடுதானே, ஆமை ஓடு, முட்டை ஓடு, மண்டை ஓடுன்னு இருக்கே, அதுவும் இந்தக் கணக்குல வருமான்னு. வராது. கூரை ஓட்டுக்கும் காலால ஓடுறதுக்கும் அர்த்தத்துல ஒரு இழையும் கிடையாது, கேக்கிறதுக்கு மட்டும் ஒண்ணா இருக்கு, ஒரே பேர்ல ரெண்டு பேர் ஒரே தெருவுல இருக்கிற மாதிரி. ‘ரன்’ அப்படி இல்ல, ஒரே வீட்டுப் புள்ளைங்க, மூக்குல ஒழுகுறதுல இருந்து கம்பெனி நடத்துறது வரைக்கும் எங்கயோ ஒரு இழை பின்னாடி போய்க்கிட்டே இருக்கும், இழுத்துப் பார்த்தா அந்தத் தண்ணி கிட்டயோ அந்த டவுசர் பையன் கிட்டயோ போய் நிக்கும்.

போன வாரம் அக்கா பையன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான், ஆபீஸ் க்ரூப்ல மேனேஜர் போட்டது. ‘வி ஆர் ரன்னிங் பிஹைண்ட், லெட்ஸ் ரன் வித் வாட் வி ஹேவ்’. கீழ அவனே எழுதியிருந்தான், “மாமா, ‘ரன் வித்’ நீங்க சொல்லித் தரல, நானே யோசிச்சேன். லேட் ஆயிடுச்சு, இருக்கிறத வச்சு ஓட்டுவோம்ங்கிறார். சரியா?”